காக்கைக்குக் காவல் வைத்த எருமை

காட்டுக்கு நடுவே ஒரு குளம். குளத்தங்கரையில் ஒரு பெரிய கருவேல மரம். மரத்தடியில் காட்டெருமைக் கூட்டம். மரத்தின் மேலே கொக்குக் கூட்டம்.

எருமைகளின் முதுகில் உண்ணி பொறுக்குவது கொக்குகளின் வேலை. கூலி என்று தனியாக ஒன்றும் கிடையாது. பொறுக்கிய உண்ணியைத் தின்னலாம். கருவேல மரத்தில் கூடு கட்டிக்கொள்ளலாம். அந்தக் கூடுதான் பெரிய கூலி. எருமைகள் அடியில் படுத்திருந்தால் பாம்பு ஏறாது. மரநாய் எட்டிப் பார்க்காது. முட்டைக்கு அதைவிட நல்ல மரம் அந்தக் காட்டில் இல்லை.

மஞ்சமூக்கி என்ற கொக்கு அந்த மரத்தில் முதன்முதலாக முட்டையிட்டிருந்தது. மூன்று முட்டைகள். அதன் துணை நெடுங்காலன். இரண்டும் மாறி மாறி அடைகாத்தன. மாறி மாறி வேலைக்குப் போயின. ஒரு குறையும் இல்லை.

அப்படியே விட்டிருக்கலாம். எருமைத் தலைவன் வளைகொம்பன் விடவில்லை.

மழை பிடித்தது. குளம் நிரம்பியது. எருமைகளின் காலில் அட்டை ஏறியது.

"ஏய் கொக்குகளா! முதுகு மட்டும் பார்த்தாப் போதாது. இன்னையிலேர்ந்து காலையும் பாருங்க!" என்று கத்தியது வளைகொம்பன்.

"பார்க்கிறோம் எசமான். கொஞ்சம் நில்லுங்க" என்றது நெடுங்காலன்.

"நிக்கிறதா? மேயற நேரத்துல உனக்காக நான் நிக்கிறதா? கூடவே ஓடி வா!"

நெடுங்காலன் கூடவே ஓடியது. வளைகொம்பன் ஓர் எட்டு வைத்தது. குளம்புக்கு அடியில் நெடுங்காலனின் விரல் இருந்தது. பிறகு அந்த விரல் இல்லை.

வளைகொம்பன் குனிந்து பார்த்தது. "பார்த்து வரத் தெரியாது?" என்றது. மேயப் போய்விட்டது.

கொக்கு ஒற்றைக் காலில் நிற்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நெடுங்காலனும் அன்றிலிருந்து ஒற்றைக் காலில்தான் நின்றது. ஆனால் வேறு வழியில்லாமல் நின்றது.

மஞ்சமூக்கி மறுநாள் வளைகொம்பனிடம் போயிற்று.

"எசமான், அட்டை எடுக்க மாட்டோம்னு சொல்லலை. எடுக்கிறப்ப மட்டும் நில்லுங்க. அவ்வளவுதான் கேக்கிறோம்."

"இன்னைக்கு நில்லுன்னு சொல்லுவே. நாளைக்கு உட்காருன்னு சொல்லுவே! போ, போய் வேலையைப் பார்!"

அன்று சாயங்காலம் மரத்தில் கூட்டம் போட்டார்கள். வேலையை நிறுத்துவது என்று எல்லாக் கொக்குகளும் ஒரே குரலில் கூறின. அடுத்த நொடியே எல்லாக் கொக்குகளும் தங்கள் முட்டையைப் பார்த்துக்கொண்டன.

"நிறுத்தினா மரத்தை விட்டு விரட்டிடுவானே அக்கா" என்றது சின்னக்கொண்டை. இளங்கொக்கு. அதன் கூட்டில் இரண்டு முட்டைகள். "முட்டையைத் தூக்கிக்கிட்டு எங்கே பறக்கிறது?"

மஞ்சமூக்கி சிறகை விரித்தது. "சட்டம் ஏதோ இருக்குன்னு சொல்லுவாங்க. கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிப் பறந்தது.

காட்டுச் சட்டத்தை வைத்திருந்தது ஓர் உடும்பு. பாறை இடுக்கில் இருக்கும். அது யார் பக்கமும் இல்லை. ஆனால் பிடித்ததை விடாது. சட்டம் முழுவதும் அதற்கு மனப்பாடம். சட்டத்தை மீறியவருக்கு அது ஒரே தண்டனைதான் கொடுக்கும்: தண்ணீர் விலக்கு. அன்று முழுவதும் குளத்தில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் முதலை பார்த்துக்கொள்ளும். முதலைக்கு அந்த வேலையில் சலிப்பே வந்ததில்லை.

"வேலையை நிறுத்துறவங்களுக்குச் சட்டம் இருக்கா ஐயா?" என்று கேட்டது மஞ்சமூக்கி.

"இருக்கிறது. அருமையான சட்டம்!" உடும்பு கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தது. "வேலையை நிறுத்தியவரை மிதிக்கக் கூடாது. முட்டக் கூடாது. கூட்டைக் கலைக்கக் கூடாது. மரத்தை விட்டு விரட்டக் கூடாது."

மஞ்சமூக்கிக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு இருக்கா!"

"இன்னும் இருக்கிறது. நிறுத்தப் போவதை முதலாளிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். பௌர்ணமி வரைக்கும் பொறுக்க வேண்டும்."

"எதுக்கு ஐயா அத்தனை நாள்?"

"முதலாளி தயாராக வேண்டாமா? திடீரென்று நிறுத்தினால் அவருக்குக் கஷ்டம்."

"கஷ்டம் தெரியட்டும்னுதானே நிறுத்துறோம்!"

"அதை வெளியே சொல்லாதே. சொன்னால் பாதுகாப்பு போய்விடும்."

மஞ்சமூக்கி வாயை மூடிக்கொண்டது. பிறகு மெதுவாகக் கேட்டது: "நிறுத்தினப்புறம் எங்கே உட்காரலாம்? எருமை போற வழியில?"

"வழிமறிப்பு. குற்றம்."

"குளத்தங்கரையில?"

"கும்பல் கூடுதல். குற்றம்."

"சத்தமாவது போடலாமா?"

"கொக்குச் சத்தம் கேட்கச் சகிக்குமா? குற்றம்."

"அப்ப என்னதான் ஐயா பண்ணலாம்?"

"கூட்டில் உட்காரலாம். வாயைத் திறக்காமல். யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லாமல். அப்படி நிறுத்தினால் முழுப் பாதுகாப்பு!" என்றது உடும்பு.

மஞ்சமூக்கி யோசித்தது. எப்படியும் அடைகாக்கத்தான் வேண்டும். அதையே போராட்டமாகச் செய்துவிட்டால் போகிறது. சட்டப்படி வளைகொம்பனிடம் போய்ச் சொன்னது. பௌர்ணமி வரைக்கும் சட்டப்படி உண்ணியும் பொறுக்கியது.

வளைகொம்பனும் சட்டப்படி தயாரானது.

பௌர்ணமிக்கு முந்தின நாள் அது உடும்பிடம் போயிற்று. எதிர்த்தரப்பு இல்லாமல் சட்டத்தைத் தொடக் கூடாது என்பதால் மஞ்சமூக்கியையும் கூப்பிட்டிருந்தார்கள். வரலாம். பேசக் கூடாது. சட்டத்தில் ஒன்றைச் சேர்க்கச் சொல்லும் உரிமை கனமானவர்களுக்கு மட்டும்தான் உண்டு. கொக்குக்குக் கனம் போதாது.

"ஐயா, வேலையை நிறுத்துறவனுக்கு மட்டும்தான் பாதுகாப்பா? வேலை செய்ய வர்றவனுக்குக் கிடையாதா? இது என்ன நியாயம்?" என்று கேட்டது வளைகொம்பன்.

"என்ன சேர்க்க வேண்டும்?"

"வேலை செய்ய வர்றவனை யாரும் தடுக்கக் கூடாது. யாரும் விரட்டக் கூடாது. மீறினா தண்ணீர் விலக்கு!"

உடும்பு நாக்கை நீட்டி இழுத்துக்கொண்டது. "யாரும் என்றால்?"

"யாரும்னா யாரும்தான்!"

"கொக்கு என்று போட்டால் போதாதா?"

"போதாது. இதுங்க சொந்தக்காரனைக் கூட்டிட்டு வரும். நாரை வரும், நீர்க்காகம் வரும். யாரும்னு போடுங்க!"

"எல்லாருக்கும் பொருந்துமே. சம்மதமா?"

"எத்தனை தடவைதான் சொல்றது? யாரும்! யாரும்! யாரும்!"

"சேர்த்தாயிற்று" என்றது உடும்பு.

மறுநாள் காலையில் கொக்குகள் வேலையை நிறுத்தின. கூட்டில் உட்கார்ந்தன. வாயைத் திறக்கவில்லை. யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. நிறுத்தியிருக்கிறார்கள் என்பதே பக்கத்து மரத்துக்காரர்களுக்குத் தெரியவில்லை.

மத்தியானம் வளைகொம்பன் கூப்பிட்டிருந்த அண்டங்காக்கைக் கூட்டம் வேலைக்கு வந்தது. அதன் தலைவன் கரியான்.

"கொக்குகளை நான் விரட்டினேனா? இல்லை. கூட்டைக் கலைச்சேனா? இல்லை. வேலைக்கு வந்தவனுக்குத் தங்க இடம் குடுக்கிறேன். டேய் கரியா! அதே மரத்துல ஏறிக்கோ!" என்றது வளைகொம்பன்.

"ஆகட்டும் முதலாளி!" கரியான் ஏறி, மஞ்சமூக்கியின் கூட்டுக்கு மேல் கிளையில் உட்கார்ந்தது. கழுத்தைச் சாய்த்து உள்ளே பார்த்தது. "மூணா? அழகா இருக்கு."

மஞ்சமூக்கி முட்டைகளின் மேல் அழுந்தப் படுத்துக்கொண்டது.

இரண்டாம் நாள், துணை இரை தேடப் போயிருந்த நேரத்தில், சின்னக்கொண்டை தாகம் தாங்காமல் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கியது. திரும்பி வந்தபோது கூட்டில் ஒரு முட்டை இல்லை. இன்னொன்றின் ஓடு மட்டும் இருந்தது. பக்கத்துக் கிளையில் ஒரு காக்கை அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது.

மஞ்சமூக்கி கூட்டில் நெடுங்காலனை உட்கார வைத்துவிட்டு உடும்பிடம் ஓடியது. "ஐயா, முட்டையைத் தின்னுட்டாங்க! காக்கையை விரட்டணும்!"

"விரட்டுவதா? வேலைக்கு வந்தவரையா? தண்ணீர் விலக்கு விழும், பார்த்துக்கொள்."

"முட்டை போச்சே ஐயா!"

"விசாரித்தேன். கூடு கலையவில்லை. வேலைக்கு நடுவில் சிற்றுண்டி என்கிறார்கள். தங்கின இடத்தில் கிடைத்ததைச் சாப்பிடக் கூடாது என்று சட்டத்தில் இல்லை." உடும்பு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டது. "உன் முட்டை மேல் உட்கார்ந்து அடைகாக்க யாரும் தடை சொல்லவில்லை. எழுந்திருக்காதே. அதுதான் என் அறிவுரை."

எழுந்திருக்கவில்லை. ஒரு கொக்கும் எழுந்திருக்கவில்லை. துணை கொண்டுவந்த தவளைக்குஞ்சில் பாதியைத் தின்றன. கிடைக்காத நாளில் தின்னவில்லை.

"போதும் அக்கா. வேலைக்குத் திரும்பிடலாம். விரல் போனாப் போகட்டும்" என்று அழுதது சின்னக்கொண்டை.

மஞ்சமூக்கிக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. மேலே கரியான். கீழே முட்டை. நடுவில் தான். எத்தனை நாள் தாங்கும்? நெடுங்காலனைப் பார்த்தது.

"ஏங்க, என்ன பண்றது?"

"நொண்டிக்கிட்டுத் திரும்பிப் போனா, மிச்ச விரலையும் அவன் கேப்பான் புள்ள" என்றது நெடுங்காலன். "இன்னைக்குப் பொழுது போகட்டும். உட்கார்."

கீழே வேறு ஒரு கதை நடந்துகொண்டிருந்தது. மஞ்சமூக்கி கூட்டிலிருந்தே எல்லாவற்றையும் பார்த்தது. வேறு வேலை என்ன!

காக்கைகள் உண்ணி பொறுக்கத்தான் செய்தன. கொழுத்த உண்ணியாகப் பார்த்துப் பொறுக்கின. சின்ன உண்ணியைத் தொடவில்லை. சின்ன உண்ணி ஊறியது. வளைகொம்பனுக்கு அரிப்பெடுத்தது. முதுகைக் கருவேல மரத்தில் போட்டு உரசியது. முள்ளும் பட்டையும் கிழித்து முதுகில் புண் வந்தது.

புண்ணைப் பார்த்ததும் காக்கைகளுக்கு உண்ணி மறந்துபோயிற்று.

கரியான் புண்ணில் ஒரு கொத்து கொத்தியது. "அடேய்!" என்று அலறி வளைகொம்பன் வாலைச் சுழற்றி அடித்தது. காக்கைகள் சிதறிப் பறந்தன.

"ஐயா! தடுக்கிறார்! வேலை செய்ய விடாமல் தடுக்கிறார்!" என்று கத்தியது கரியான்.

உடும்பு ஊர்ந்து வந்தது.

"வாலை ஆட்டினீரா?"

"ஆட்டினேன்! என் வால்! என் முதுகு!"

"வால் உம்முடையது. முதுகும் உம்முடையது. முதுகின் மேல் நடக்கும் வேலை அவருடையது. வேலை செய்கிறவரை யாரும் தடுக்கக் கூடாது."

"யோவ், நான்தானே முதலாளி!"

"யாரும் என்று நீர்தான் சொன்னீர். நான் கேட்டேன். நீர் மறுபடியும் சொன்னீர். இன்று உமக்குத் தண்ணீர் விலக்கு."

குளத்தில் முதலை மூக்கைத் தூக்கிப் பார்த்தது. வளைகொம்பன் கரையிலேயே நின்றது. சேற்றில் புரள முடியாத எருமைக்கு வெயில் எப்படி இருக்கும்! தோல் காய்ந்தது. அரிப்பு கூடியது. புண் விரிந்தது. காக்கைகள் சொந்தபந்தங்களுக்கும் சொல்லி அனுப்பின.

மறுநாள் அது வாலை ஆட்டவில்லை. தோலை மட்டும் சிலிர்த்தது. தோலைச் சிலிர்ப்பது தடுப்பதாகுமா என்று உடும்பு மத்தியானம் வரைக்கும் யோசித்தது. பிறகு சொன்னது: "ஆகும்."

"உங்களை வேலையை விட்டே அனுப்புறேன்! போங்கடா!" என்று கத்தியது வளைகொம்பன்.

"அது விரட்டுறது முதலாளி. சட்டப்படி கூடாது" என்றது கரியான். கத்தாமல், மரியாதையாகவே சொன்னது. வாய் நிறைய இருந்தது.

"ஐயா, அந்த 'யாரும்' எனக்கு வேண்டாம்! எடுத்துடுங்க!"

"எடுக்கலாமே. பௌர்ணமி வரை பொறுக்க வேண்டும்" என்றது உடும்பு.

"பௌர்ணமி இப்பத்தானே போச்சு!"

"அடுத்தது வரும்."

"அன்னைக்குக் கேட்டவுடனே சேர்த்தீரே!"

"அன்று உமக்கு வலியில்லை. நிதானமாகக் கேட்டீர். வலியில் கத்துகிறவர் பேச்சைக் கேட்டுச் சட்டத்தை மாற்றினால் அது சட்டமா?"

மற்ற எருமைகள் நைசாக அக்கரைக்கு நகர்ந்துவிட்டன. வளைகொம்பன் தனியாக நின்றது. வால் ஆடவில்லை. தோல் அசையவில்லை. காலைக்கூட மாற்றி வைக்கவில்லை. அடுத்தது எது குற்றமாகும் என்று யாருக்குத் தெரியும்! கல்லில் செதுக்கி வைத்ததைப் போல நின்றது.

மஞ்சமூக்கி கூட்டிலிருந்து அதைப் பார்த்தது. நெடுங்காலனை முட்டை மேல் உட்கார வைத்தது. கீழே இறங்கி வளைகொம்பனின் முன்னங்கால் பக்கத்தில் போய் நின்றது. நாலு காலையும் நிதானமாகச் சுற்றிப் பார்த்தது.

"என்னத்தைப் பார்க்கிறே?" வளைகொம்பன் உதடு அசையாமல் கேட்டது.

"எவ்வளவு அழகா நிக்கிறீங்க எசமான்! நாங்க கேட்டது இதைத்தானே?"

வளைகொம்பனால் தலையைக்கூட ஆட்ட முடியவில்லை. கண்ணிலிருந்து நீர் வடிந்தது. "கிண்டலா? பண்ணு, பண்ணு. வேலைக்கு வர்றியா இல்லையா?"

"அட்டை எடுக்கிறப்ப நிப்பீங்களா?"

"நிக்கிறேன்."

"சத்தமாச் சொல்லுங்க. உடும்பு ஐயா காதுல விழட்டும்."

"நிக்கிறேன்! நிக்கிறேன்!"

"நெடுங்காலனுக்கு இனிமே முதுகு வேலை மட்டும்தான். சின்னக்கொண்டை மறுபடியும் முட்டையிட்டுப் பொரிக்கிற வரைக்கும் கூட்டை விட்டு வராது. சரியா?"

"எல்லாம் சரி! முதல்ல இந்தக் காக்கையை விரட்டு!"

"ஐயையோ! நான் எப்படி விரட்டுறது? யாரும் விரட்டக் கூடாதே!" என்றது மஞ்சமூக்கி.

சொல்லிவிட்டு ஒரே தாவில் அதன் முதுகில் ஏறியது. நேராகப் போய்ப் புண்ணின் மேல் இரண்டு காலையும் அகட்டி நின்றது. புண்ணில் மொய்த்த ஈக்களைப் பொறுக்க ஆரம்பித்தது.

"ஏய், தள்ளு!" என்று கரியான் அலகை ஓங்கியது.

"வேலை செய்யறேன். தடுத்துத்தான் பாரேன்!"

கரியான் உடும்பைப் பார்த்தது. உடும்பு கண்ணைத் திறந்து கரியானைப் பார்த்தது. குளத்தில் முதலை மூக்கைத் தூக்கியது. கரியான் அலகை மூடிக்கொண்டது.

மரத்திலிருந்து கொக்குகள் இறங்கின. ஜோடியில் ஒன்று கூட்டில். ஒன்று எருமை மேல். சின்ன உண்ணி, பெரிய உண்ணி, ஈ, எதையும் விடவில்லை. பசியோ பசி! சாயங்காலத்துக்குள் முதுகில் காக்கைக்கு ஒரு வாய்கூட மிச்சமில்லை. மரத்தில் எந்த முட்டையும் தனியாக இல்லை. காக்கைகள் கிளம்பின. யாரும் விரட்டவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை.

மஞ்சமூக்கியின் மூன்று முட்டைகளும் பொரிந்தன. புண் ஆறியது. வளைகொம்பன் தினமும் அட்டை எடுக்க நின்றது.

ஒரு நாள் வேற்றுக் காட்டு எருமை ஒன்று அந்தப் பக்கம் வந்தது. "என்ன அண்ணே, ஒரு கொக்குக்காக இப்படி நிக்கிறீங்க?" என்று கேட்டது.

"தொழிலாளிங்ககிட்ட அன்பா இருக்கணும் தம்பி. நான் எப்பவுமே அப்படித்தான்" என்றது வளைகொம்பன்.

கீழே மஞ்சமூக்கி கடைசி அட்டையைப் பிடித்து இழுத்தது. வாய் நிறைய இருந்ததால் சிரிக்க முடியவில்லை.

தொழிலாளியின் பாதுகாப்பை அறுக்கச் சட்டம் கேட்கும் முதலாளி, அந்தச் சட்டம் தன்னையும் அறுக்கும் என்பதை அறிய வேண்டும்.